மேகம் எந்த அடுக்கில் நிற்கிறது?

வானத்துக்கு அடுக்குகள் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம். அரசாங்கம் மறக்கவில்லை. கீழடுக்கை வேளாண்மைத் துறையிடமும் மேலடுக்கை விமானத் துறையிடமும் முறைப்படி ஒப்படைத்தது. செர்பிய மலையில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த ஒரே முன்னேற்றம் அதுதான்.

நான் ஊரின் ராக்கெட்காரன். கறுத்த மேகத்துக்குள் ராக்கெட் விட்டால் ஆலங்கட்டி கரைந்து மழையாகிவிடும் என்று நம்புகிறோம். ராக்கெட் அறையின் சாவி மட்டும் வானடுக்கு அதிகாரி ல்யூபிசாவின் மேசைக்குள் இருக்கும்.

ரதோய்க்கா அக்காவின் ராஸ்பெர்ரி பழுத்துக் குலுங்கிய நாளில் ஒரு கறுத்த மேகம் வந்தது. அந்தத் தோட்டம்தான் அவளுக்கு வருஷச் சோறு. இருவரும் சாவி கேட்டு அலுவலகத்துக்கு ஓடினோம். அதிகாரி காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல்கள் இறுக மூடியிருந்தன. மற்ற நாட்டார் காற்றோட்டம் என்று புகழ்வதுதான் எங்கள் நாட்டில் எமன். பட்டால் கழுத்து பிடிக்கும், சிறுநீரகம் கெடும்.

"மேகம் எந்த அடுக்குல நிக்குது?"

"காலு கீழடுக்குல, தலை மேலடுக்குல, ஐயா," என்றேன்.

"அப்ப ரெண்டு துறையும் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா ஒரே அடுக்குல நிக்கச் சொல்லுங்க."

"சொன்னேன் ஐயா," என்றாள் ரதோய்க்கா. "எழுத்து மூலமா உத்தரவு கேக்குது."

"கிண்டலா?"

"ஜன்னலத் திறந்து நீங்களே பாருங்களேன்."

"வரும்போது கதவத் திறந்து போட்டுட்டு வந்தீங்க. இப்ப ஜன்னலையும் திறக்கணுமா? நான் பிள்ளகுட்டிக்காரன்மா."

அதற்குள் ஆலங்கட்டி கொட்ட ஆரம்பித்தது. ல்யூபிசா காது கொடுத்துக் கேட்டார்.

"தரைக்கு வந்தாச்சு. தரை நகராட்சியோடது. நாம தலையிட முடியாது."

"எல்லாம் போச்சு," என்று ரதோய்க்கா நாற்காலியில் சரிந்து அழுதாள். காப்பியை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது.

அப்போது ஒரு கட்டி ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. ஜன்னலுக்கும் திறந்த கதவுக்கும் இடையே காற்று பாய்ந்தது. அது எந்த அடுக்கின் காற்று என்று யாரும் கேட்கவில்லை. அதிகாரி அலமாரியை ஜன்னல் பக்கம் தள்ளினார். நான் என் கோட்டைக் கழற்றி ஓட்டையில் திணித்தேன். எங்களுக்கெல்லாம் முன்னால் பாய்ந்து கதவைச் சாத்தியவள் ரதோய்க்கா. கண்ணீர் காயாமலே தன் தலைத்துணியை அவிழ்த்து அதிகாரியின் கழுத்தில் சுற்றினாள்.

"வேர்த்த கழுத்தோட காத்துல நிக்காதீங்க ஐயா, உயிருக்கே ஆபத்து."

காற்று நின்றது. பெரிய விபத்திலிருந்து தப்பித்த நிம்மதியில் மூவரும் பெருமூச்சு விட்டோம்.