அம்மாவுக்குக் கிடைத்த டிப்ஸ்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டால் பிழைத்தோம். நான் அதை ஆங்கிலத்தில் விளக்கும் ஆள்.

தொண்ணூற்றெட்டில் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ட்ரெய்னி இன்ஜினியராக இருந்தேன். புது மெஷினை நிறுவ ஜப்பானிலிருந்து தனாகா என்பவர் வந்தார். அவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. (இன்டர்வியூவில் என் ஆங்கிலத்தைப் பற்றி நான் விட்ட கதையை நம்பியிருந்தார்கள், பாவம்.)

ஒருநாள் அவர் கேட்டார்: "எங்கள் நாட்டில் டிப்ஸ் கொடுத்தால் சங்கடப்படுவார்கள். இங்கே எப்படி?"

அதுவரை நான் யாருக்கும் டிப்ஸ் கொடுத்ததில்லை. தர்ஷினி ஹோட்டலில் நின்றுகொண்டே இட்லி தின்பவனுக்கு ஏது டிப்ஸ்? ஆனாலும் உலகம் சுற்றியவன் மாதிரி தொண்டையைச் செருமினேன். "வழி காட்டுபவர், கதவு திறப்பவர், சாப்பாடு பரிமாறுபவர், எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மனம் நோகும்."

மெஷினைப் பற்றிய குறிப்பைக் கேட்பதுபோல தனாகா அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரை ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். ஆட்டோவில் வந்து இறங்கியவரைத் தெருமுனையிலிருந்து அழைத்து வந்தவர் பக்கத்து வீட்டு சிவண்ணா. ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டையரானவர், ரொம்ப ரோஷக்காரர். வாசலுக்கு வந்தபோது அவர் கையில் ஒரு புத்தம்புதுப் பத்து ரூபாய் நோட்டு. "ஏனப்பா இது?" என்று கன்னடத்தில் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கதவைத் திறந்தார். அவருக்கும் ஒன்று.

"என்னை யார்னுடா நெனச்சான்?" என்று அப்பா என் காதைக் கடித்தார். விருந்தாளிக்காக இஸ்திரி போட்ட பேன்ட் வேறு மாட்டியிருந்தார்.

"அவங்க ஊர் வழக்கம்பா" என்று புளுகினேன்.

சாப்பிடும்போதே தனாகாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'நான் சொன்னது தப்பு' என்பதற்கு மட்டும் அன்று எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் தனாகா எழுந்து நின்றார். அம்மாவுக்கு முன்னால் இடுப்புவரை குனிந்து, இரண்டு கைகளாலும் ஒரு நூறு ரூபாய் நோட்டை நீட்டினார்.

"சோத்துக்குக் காசா?" என்று சீறினார் அப்பா.

அம்மா நோட்டைப் பார்க்கவில்லை, தனாகாவின் முகத்தைத்தான் பார்த்தார். பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் முகம் அது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கி உள்ளே போனார். ஒரு தட்டோடு திரும்பி வந்தார். வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம், அதே நூறு ரூபாய், அதன்மேல் ஒரு ரூபாய் நாணயம். அவரைப் போலவே குனிந்து, இரண்டு கைகளாலும் தட்டை நீட்டினார்.

தனாகா திகைத்துப்போனார். "எனக்கா? எதற்கு?"

"ரசத்தை மூணு தடவ கேட்டு வாங்கிக் குடிச்சாரே, அதுக்குத்தான்னு சொல்லுடா."

சொன்னேன். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அப்பாவும் சிரித்துவிட்டார். அம்மா மட்டும் என் பக்கம் திரும்பி, "இதெல்லாம் நீ சொல்லிக்கொடுத்த வேலதானே?" என்றார். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாமல் எப்படித்தான் கண்டுபிடித்தாரோ!

அன்று முதல் எங்கள் வீட்டில் ரசித்துச் சாப்பிடுகிறவர்களுக்கு அம்மா ஒரு ரூபாய் டிப்ஸ் தருகிறார். என் மனைவி கல்யாணமாகி வந்த முதல் வாரமே பாகற்காய்க் குழம்புக்கு வாங்கிவிட்டாள். உப்பு பத்தலை, புளி ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டே சாப்பிடும் அப்பாவுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

எனக்கு எப்போது என்று கேட்டால், "நீ யாருக்கும் யோசனை சொல்லாம ஒரு வேளை சாப்பிடு, பாக்கலாம்" என்கிறார்.