கயித்தண்ணையும் என் நேர்த்திச் சங்கும்

அனலைதீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதும் தன்னுடைய சொந்த வளவு என்று நம்பி வாழ்ந்த ஒரே மனிதர் கயித்தண்ணைதான். அந்த வளவுக்குள் யார் காலை வைத்தாலும் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சங்கு குளிப்பது அவர் தொழில். இடுப்பில் கயிறு கட்டாமல் ஒருவரையும் தண்ணீரில் இறங்க விடமாட்டார். அதனால் வந்த பெயர் அது. சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்காவது ஞாபகம் இருந்ததோ என்னவோ. மகளுக்கு மாப்பிள்ளை வள்ளத்தில் வந்தபோது, பட்டு வேட்டிக்கு மேலாலேயே கயிற்றைச் சுற்றி வள்ளத்தோடு முடிந்துவிட்டாராம்.

"கோவிக்காதையும் மருமோன். தாலி ஏறுமட்டும் நீர் என்ரை பொறுப்பு."

ஒருநாள் வெளியூர் வள்ளக்காரன் ஒருவன் முருகைக்கல்லின் மேல், அதுதான் பவளப்பாறையின் மேல், நங்கூரத்தைப் போட்டுவிட்டான். கயித்தண்ணை நீந்திப்போய் அவனுடைய வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார்.

"எடேய், உன்ரை வீட்டு முகட்டிலை நான் நங்கூரம் எறியட்டே?"

"அது கல்லுத்தானே அண்ணை?"

"கல்லோ? உயிரோடை வளருற கல்லடா. உன்ரை பூட்டனுக்கும் மூத்தது. மரியாதையாத் தூக்கு!"

அவன் நங்கூரத்தைத் தூக்கியதுமல்லாமல், தப்பினால் போதுமென்று அந்தக் கல்லைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனான்.

இப்படிப்பட்டவரிடம், வட்டுக்கோட்டையில் வெங்காயப் பயிர் செய்துகொண்டிருந்த நான் போய் அகப்பட்டதற்குக் காரணம் என் வாய்தான். எண்பதுகளின் நடுப்பகுதி. என் மனைவிக்குத் தலைப்பிள்ளை. வலி கண்டுவிட்டது, பிள்ளை வருவதாயில்லை. ஊரடங்கு என்றபடியால் கார் பிடிக்க வழியில்லை. மருத்துவிச்சி அறைக் கதவைச் சாத்தியதும் நான் பிள்ளையார் கோயிலுக்கு ஓடினேன். வேறொருவன் என்றால் நூறு தேங்காய் உடைக்கிறேன் என்று சொல்லியிருப்பான். நான் சொன்னேன்:

"அப்பனே, தாயும் பிள்ளையும் சுகமாய் வந்தால், நானே கடலிலை இறங்கி, என்ரை கையாலை ஒரு சங்கு எடுத்து உனக்குத் தருவன்!"

கடலை அதுவரை பண்ணைப் பாலத்தில் பஸ் யன்னலால் பார்த்ததோடு சரி. பிள்ளையாரோ பேரம் பேசாமல் உடனே சம்மதித்துவிட்டார். பெண் குழந்தை, தாயும் சுகம்.

சில மாதங்கள் பேசாமல் இருந்து பார்த்தேன். குழந்தைக்குச் சளி பிடித்தது. பிறகு காய்ச்சல். மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, வைச்ச நேர்த்திக்கடன் கிடக்குது. சாமியோடை விளையாடாதையுங்கோ."

காய்ச்சல் விட்டதும், கடலுக்கு இறங்கக் கடற்படை விட்டிருந்த ஒரு கிழமையில், அனலைதீவுக்குப் போனேன்.

"நீந்தத் தெரியுமோ?" என்று கேட்டார் கயித்தண்ணை.

"கிணத்துக்குள்ளை தெரியும்."

"அப்ப கிணத்துக்குள்ளையே சங்கை எடுமன்."

பிள்ளைக்கு வைத்த நேர்த்தி என்று சொன்னபிறகுதான் இளகினார். கரையோரத் தண்ணீரில் என்னைத் தாழ்த்தி எடுத்துப் பழக்கினார். "தனிய இறங்கப்படாது. கல்லிலை மிதிக்கப்படாது. கண்டதைத் தொடப்படாது. மூச்சு முட்ட முதல் கயித்தை இழும். ஏலாதெண்டால் ஏலாது, உதிலை என்ன வெக்கம்?"

கடைசியில் வள்ளம் ஆழத்துக்குப் போனது. என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கயித்தண்ணை தன் கையில் சுற்றிக்கொண்டார். இறங்குமுன் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டேன். வள்ளம் கவிழப் பார்த்தது.

"இரும் காணும்! பிள்ளையார் கரையிலையும் இருப்பார்!"

குதித்தேன். கீழே நீலமும் பச்சையுமாய் மீன்கள். முருகைக்கல்லெல்லாம் பூத்துக் கிடந்தது. கோபுரத்தைக் கண்டதுபோல் மெய்மறந்து, "அப்பனே பிள்ளையாரே" என்று வாயைத் திறந்தேன். கடல் உள்ளே வந்துவிட்டது. கயித்தண்ணை கிணற்றுப் பட்டை வாளியைப்போல் என்னை மேலே இழுத்துப் போட்டு முதுகில் குத்தினார்.

"அடியிலை மனசுக்குள்ளை கும்பிடும். அவருக்குக் கேக்கும்."

இரண்டாம் முறை வாயைப் பூட்டிக்கொண்டு போனேன். மணலில் கண்டேன், என் முழங்கை நீளத்தில் சங்கு! அணைத்துப் பிடித்துக்கொண்டு மேலே வந்து, பரீட்சையில் பாஸ் பண்ணிய பொடியன்போல் நீட்டினேன். கயித்தண்ணையின் முகம் மாறியது. சங்கின் வாயிலிருந்து மாட்டுக் கொம்புபோல், வளையம் வளையமாய், ஏதோ நீண்டு தொங்கியது.

"சங்குப்பூ தம்பி. முட்டைக் கூடு. பிள்ளை பெறுற நேரத்திலை இழுத்துக்கொண்டு வந்திட்டீர்."

நான் சங்கைத் தண்ணீருக்குள் தாழ்த்திப் பிடித்தேன்.

"உம்மடை மனிசி உப்பிடிக் கிடக்கேக்கை..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"அப்ப நேர்த்தி, அண்ணை?"

"முதல் உதைக் கொண்டுபோய் இருந்த இடத்திலை வையும்."

போனேன். அந்த ஒரு முறைதான் பயப்பட மறந்துபோனேன். முட்டைக் கூட்டின் அடியை மணலில் ஊன்றி, தாயைப் பக்கத்தில் இருத்திவிட்டு மேலே வந்தபோது, வள்ளத்தில் ஏற அவர்தான் கை கொடுக்க வேண்டியிருந்தது.

"இன்னுமொருக்கா இறங்கிப் பாக்கிறன் அண்ணை."

"களைச்ச மனிசன் இறங்கப்படாது."

"பிள்ளையின்ரை விசயம்!"

"பிள்ளைக்கு அப்பன் வேணும். இரும்."

கரை வரும்வரை செத்தவீட்டுக்குப் போகிறவன்போல் இருந்தேன். பிள்ளையாருக்கு என்ன சொல்வது? குழந்தைக்கு ஏதும் வந்தால் யாரிடம் போவது? கரை தட்டியதும் கயித்தண்ணை குதித்து வீட்டுப் பக்கம் ஓடினார். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். முழங்கால் தண்ணீரில் வள்ளத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"தம்பி, காலடியைப் பாத்து இறங்கும். கண்டதிலை மிதிச்சுப்போடாதையும்."

பார்த்தேன். என் காலடியில் ஒரு பழஞ்சங்கு.

"கடலிலை இறங்கி, உம்மடை கையாலைதானே எடுத்தனீர்?" என்று வானத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"ஓம் அண்ணை."

திரும்பி வரும் பஸ்ஸில் சங்கைக் குலுக்கினேன். உள்ளேயிருந்து ஒரு கோழி இறகு மடியில் விழுந்தது. பிள்ளையார் இன்றுவரை அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு சண்டை முற்றி அந்தக் கடலும் மூடப்பட்டது. தீவுச் சனம் திசைக்கொன்றாய்ப் போனது. கயித்தண்ணை எங்கே போனார் என்று தெரியாது. பிள்ளையார் கோயில் மாலைப் பூசையில் முனை வெட்டிய அந்தச் சங்கு கன்றுக்குட்டிபோல் கத்தும்போது, என் கை தானாகவே இடுப்பைத் தடவிப் பார்க்கும். கயிற்றின் மறுமுனையை அவர் விட்டிருக்க மாட்டார்.