ஒரே கட்டையில் இரண்டு விரல்

அய்யாக்குட்டி வாத்தியாரின் இரண்டு கைகளும் பியானோவின் நடுவில் மறுபடியும் முட்டிக்கொண்டன.

"போச்சு!" என்றார்.

மலைக்காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் அறுப்பின் பண்டிகைக்கு நன்றிப் பாட்டு ஒன்று கட்டுவதாகப் பொருத்தனை செய்திருந்தார். பிழைத்தார், பாட்டும் கட்டினார். குற்றாலத்துப் பங்களாவைக் காலி செய்த துரை ஒருவர் தென்காசிக் கிறிஸ்தவக் கோயிலுக்குக் கொடுத்த பியானோவில் அதை அமைக்கப் போனபோதுதான் வம்பு வந்தது. பாட்டை வாசிக்கும் வலது கை கீழே இறங்கும்போதெல்லாம், துணைக்கு வாசிக்கும் இடது கையும் அதே கட்டைக்கு வந்து நின்றது. பண்டிகையோ ஞாயிற்றுக்கிழமை.

"ஒரு கைய விட்டுற வேண்டியதுதான அண்ணாச்சி?" என்றார் கோயில் பெருக்கும் பலவேசம்.

"உயிரத் தந்தவருக்கு நன்றி சொல்லுதப்போ கஞ்சத்தனம் பண்ணலாமாவே? நாளைக்கு இடது கைய இன்னும் கீழ தள்ளிருதேன்."

பெண்கள் பாடல் குழுவை நடத்தும் ரெபேக்காள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிட, அவள் மட்டும் 'சார்' என்பாள். படித்த பெண், அதனால்தான் என்று நினைத்துக்கொள்வார்.

மறுநாள், கீழ்க்கட்டைகள் எவ்வளவு அழுத்தியும் இறங்கவில்லை.

"சாரல் குடிச்சு ஊதியிருக்கும் சார். குத்தாலத்துல கெடந்த சாமான்தான?" என்றாள் ரெபேக்காள்.

வலது கையை மேலே ஏற்றினார்.

"அவ்வளவு உசரத்துக்கு எங்க தொண்டை ஏறாது சார்."

அவள் பக்கத்தில் நின்ற குழுப் பெண் ஜெபமலர் என்னவோ சொல்ல வந்து, "ஆ!" என்று காலைப் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது. "ஆண்டவருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"ரெண்டு பேரா வாசிச்சிருவோமா சார்? போர்டிங்ல ஆர்மோனியம் படிச்சிருக்கேன்."

இருந்தது ஒரே பெஞ்சு. முதல் தடவை, நடுக்கட்டையை இருவரும் அடித்து விரலை இடித்துக்கொண்டார்கள். அடுத்த தடவை, "நீங்க வாசிங்க சார்", "இல்ல, நீ வாசி" என்று இருவருமே விட்டுக்கொடுத்ததில் பாட்டில் ஓட்டை விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டை வந்தபோது, அவர் விரலின் மேலேயே அவள் விரலும் அழுத்தியது. பாட்டு நிற்கவில்லை. சபையே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

கண்ணைத் துடைக்காதவர் ரெபேக்காளின் அப்பா மட்டும்தான். மகள் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்ததை ஊரே பார்த்த பிறகு வேறு மாப்பிள்ளை எங்கே தேடுவது? கோயில் வாசலிலேயே பேசி முடித்துவிட்டார்.

காய்ச்சலில் உயிர் வந்தது, பாட்டில் பெண் வந்தாள். நெஞ்சு நிறைந்துபோன வாத்தியார் உள்ளே ஓடி, தன்னைக் கைவிட்ட கீழ்க்கட்டைகளை நன்றியோடு தடவினார். அவை கணீரென்று ஒலித்தன.

"என்னவே இது! வெயிலே அடிக்கல, அதுக்குள்ள ஊதல் வத்திட்டு?"

பலவேசம் பெருக்குவதை நிறுத்தவில்லை.

"வெயில் எதுக்கு அண்ணாச்சி? ரெபேக்காளம்மா சொருகி வச்சிருந்த புளியங்கொட்டைய எல்லாம் இப்பதான் எடுத்துட்டுப் போறாவ."