தலையாட்டாதே

“ஏங்க, எழுத்தெல்லாம் ஏன் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது?”

மனைவி இதைக் கேட்டபோது அச்சோவியர் ஏணியின் மேல் இருந்தார். கண்காட்சியின் மிகப் பெரிய படத்தை ஆணியில் மாட்டிவிட்டு, நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டம் நேராகத்தான் இருந்தது.

“எந்த எழுத்து?”

“எல்லா எழுத்தும்தான். இறங்கி வந்து பாருங்க.”

இறங்கி வந்து பார்த்தார். ஆள் உயரக் கறுப்புப் படம். அதில் வரிசை வரிசையாகக் குனிந்த தலைகள். அவற்றுக்கு மேலே பெரிய வெள்ளை எழுத்தில் ‘தலையாட்டாதே’. அதிகாரத்துக்குத் தலையாட்டும் மனித குலத்துக்கு அவர் விடுத்த அறைகூவல் அது. வலமிருந்து இடமாக விடுத்திருந்தார்.

அச்சோவியம் என்பது பலகையில் செதுக்கி, மை தடவிக் காகிதத்தில் ஒற்றி எடுப்பது. பலகையில் எழுத்தைத் திருப்பிச் செதுக்கினால்தான் காகிதத்தில் நேராக விழும். அச்சு வேலையில் இது முதல் பாடம். மனித குலத்தின் மீது இருந்த கோபத்தில் அவர் நேராகவே செதுக்கிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் முதல் தாளை எடுத்ததுமே கண்டுபிடித்திருப்பார்கள். ஆனால் அவருடையது வருஷக்கணக்கில் பலகையிலே திரும்பி நிற்கும் எழுத்தைப் பார்த்துப் பழகிய கண். காகிதத்திலும் எழுத்து அப்படியே நின்றபோது, தெரிந்த முகத்தைப் பார்த்த நிம்மதிதான் வந்தது.

“பத்துப் பிரதியும் இப்படித்தானா?” என்றாள் மனைவி.

“ஒரே பலகைதானே.”

“அப்ப எல்லாத்துக்கும் ஒரே தலையெழுத்து.”

கண்காட்சி நடந்த மாடிக் கூடத்தின் வாசலில் தொங்கிய துணியில் ‘வளர்ந்துவரும் உள்ளூர் அச்சோவியரின் முதல் கண்காட்சி’ என்று போட்டிருந்தது. வயிறு மட்டுமே வளர்கிற வயதில் அப்படிப் போட்டுக்கொள்ள ஒரு துணிச்சல் வேண்டும். அது அவரிடம் இருந்தது. இல்லாதது படுக்கையறை. அச்சு மிஷின் அங்கே குடியேறியதிலிருந்து கட்டில் வீட்டுக் கூடத்தில் கிடந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் தலையணையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து நலம் விசாரித்தார்கள்.

அதனால் மனைவி முன்னாலேயே ஒரு முடிவு சொல்லியிருந்தாள். “இந்தக் கண்காட்சியில வெளியாள் ஒருத்தராவது ஒரு படமாவது வாங்கணும். சொந்தக்காரங்க கணக்குல வராது. வித்துச்சுன்னா மிஷின் உள்ள, நாம வெளிய. விக்கலேன்னா நாம உள்ள, மிஷின் பழைய இரும்புக் கடைக்கு.”

அவர் அதற்குத் தலையாட்டியிருந்தார்.

மற்ற படங்களை நம்ப முடியாது. எல்லாம் சின்னவை: ஒரு நாற்காலி, ஒரு குடை, நாற்காலியின் மேல் குடை. பெரிய படம்தான் வருகிறவர்களைப் பிடித்து நிறுத்த வேண்டும். வேறு பலகை செதுக்க நேரம் இல்லை. கதவு திறக்கிற நேரம் நெருங்கிவிட்டது.

“இதுக்குப் போயி ஏன் மாமா முழிக்கிறீங்க?” என்றான் மைத்துனன். எந்தச் சிக்கலையும் இன்னொரு சிக்கலால் தீர்த்துவைப்பதில் அவன் கெட்டிக்காரன். “எதிர்ச் சுவத்துல ஒரு கண்ணாடி வெச்சாப் போச்சு. அதுல பாத்துப் படிச்சுக்கட்டும். அக்கா பீரோக் கண்ணாடி சும்மாதானே கெடக்குது?”

“சும்மா கெடக்குதா? நான் தெனம் அதுலதான்டா மூஞ்சி பாக்கறேன்.”

“ஒரு சாயங்காலம் பாக்காம இருக்கா. மூஞ்சி எங்கயும் போயிடாது.”

கண்ணாடி வந்தது. படத்துக்கு நேர் எதிரே சாய்த்து வைத்தார்கள். எழுத்து கண்ணாடிக்குள் பளிச்சென்று நேராக நின்றது. “படைப்புக்கும் பார்வையாளனுக்கும் நடுவில ஒரு உரையாடல்,” என்றார் அச்சோவியர். அவருக்கு எதற்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிடும். அதுதான் அவருடைய நோய்.

கதவு திறந்தது. ஜனங்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் கூடிவிட்டார்கள். ஒருத்தி முடியைச் சரிசெய்தாள். ஒருவர் பக்கவாட்டில் திரும்பி வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்தார். இன்னொருவர் வாயைப் பிளந்து கடைவாய்ப் பல்லை ஆராய்ந்தார். மனைவியின் பெரியம்மா மட்டும் வாயாரப் பாராட்டினாள்.

“ரொம்ப நல்லா இருக்குதுடி. ஆளை ஒல்லியாக் காட்டுது. என்ன விலை?”

“அது என் பீரோக் கண்ணாடி பெரியம்மா. படம் பின்னாடி இருக்கு.”

“அப்படியா? போகும்போது பாக்கறேன்.”

அச்சோவியர் கண்ணாடியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைக்கச் சொன்னார். மைத்துனன் திருப்பினான். இப்போது கண்ணாடியின் முதுகுப் பலகை தெரிந்தது; பழுப்பு நிறம், ஓரத்தில் கரையான் அரித்த கோடுகள். மூக்குக் கண்ணாடி போட்ட இரண்டு பேர் அதன் முன்னால் வெகு நேரம் நின்றார்கள்.

“இதுல ஒரு சோகம் இருக்கு இல்ல?” என்றார் ஒருவர்.

“இவரோட படங்கள்ல இதுதான் எனக்குப் புடிச்சது,” என்றார் மற்றவர்.

அச்சோவியர் அதன் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினார். அதன் பிறகு இன்னும் நாலு பேர் கூடுதலாக வந்து பார்த்தார்கள்.

“மாமா, ஒரே வழிதான் இருக்கு,” என்றான் மைத்துனன். “தப்புன்னு ஒத்துக்கிட்டாத்தானே தப்பு? வேணும்னே செஞ்சதுன்னு சொல்லிடுங்க. எழுத்துன்னே சொல்லாதீங்க.”

படத்தின் கீழ் இருந்த பெயர் அட்டையை அவனே பிய்த்தெடுத்து, ‘பெயரிடப்படாதது’ என்று எழுதி ஒட்டினான். ஒட்டி விரலை எடுப்பதற்குள் விமர்சகர் வந்துவிட்டார்.

விமர்சகர் வாரப் பத்திரிகையில் கலைப் பக்கம் எழுதுகிறவர். பிறந்ததிலிருந்து ‘தெரியாது’ என்ற சொல்லை உச்சரித்ததில்லை. படத்தின் முன்னால் நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இது எந்த லிபி?”

அச்சோவியர் வாயைத் திறந்தார். மைத்துனன் முந்திக்கொண்டான். “அதை நீங்கதான் சார் சொல்லணும்.”

விமர்சகர் கண்ணை மூடித் திறந்தார். “தொலைஞ்சுபோன ஓர் இனத்தோட லிபி. அவங்களோட கடைசி அழுகை இது. சரிதானே?”

அச்சோவியர் தலையாட்டினார்.

“இந்தக் குனிஞ்ச தலையெல்லாம் உண்மையில தலை இல்ல. புதைகுழிங்க.”

அதற்கும் தலையாட்டினார்.

“நீங்க இதைச் செதுக்கலை. இது உங்களைச் செதுக்கியிருக்கு.”

இதற்கு இரண்டு தடவை தலையாட்டினார்.

மனைவி அவர் காதோரம் வந்தாள். “மேல என்ன எழுதியிருக்கீங்கன்னு ஒரு தடவை படிச்சுட்டு ஆட்டுங்க.”

விமர்சகரின் குரல் கூடத்தின் மறுகோடி வரை போகக்கூடியது. அதைக் கேட்டு ஓர் அம்மாள் வந்தாள். புதுவீடு கட்டியவள். வீட்டில் ஒரு சுவர் மட்டும் காலியாக இருந்து உறுத்திக்கொண்டிருந்தது. பின்னாலேயே அவள் கணவர் வந்தார்.

“இது யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்துதானே?” என்று கேட்டாள்.

“இன்னிக்கு உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது,” என்றார் விமர்சகர்.

“அதுதான் வேணும். புரியற மாதிரி இருந்தா வர்றவங்கல்லாம் நின்னு படிச்சுட்டு அர்த்தம் கேப்பாங்க. நம்ம பச்சை சோபாவுக்கு ஒத்துப்போகும் இல்லீங்க?”

கணவர் தலையாட்டினார்.

“கறுப்புல தூசி தெரியாது இல்லீங்க?”

தலையாட்டினார். பிறகு, படத்தின் அடியில் பென்சிலில் எழுதியிருந்த ‘1/10’ஐக் குனிந்து பார்த்து, தயங்கித் தயங்கிக் கேட்டார். “சார், பத்துக்கு ஒண்ணுன்னு மார்க் போட்டிருக்கீங்களே. அவ்வளவு மோசமாவா வந்திருக்கு?”

“அது மார்க் இல்லைங்க. பத்துப் பிரதியில இது முதல் பிரதி.”

அம்மாளின் முகம் சுருங்கியது. “அப்ப இதே படம் இன்னும் ஒம்பது வீட்டுல தொங்குமா?”

“தொங்காதுங்க,” என்றாள் அச்சோவியரின் மனைவி, மனப்பூர்வமாக. “வேற யாரும் வாங்கமாட்டாங்க.”

அம்மாளுக்குத் திருப்தி. மைத்துனன் சட்டத்தின் மூலையில் விற்பனைக்கு அடையாளமான சிவப்புப் பொட்டை ஒட்டினான். அச்சோவியர் மனைவியைப் பார்த்தார். படுக்கையறையில் மிஷின் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் காட்சி அவர் கண்ணில் தெரிந்தது.

“ஒரு போட்டோ எடுத்து என் தங்கச்சிக்கு அனுப்பறேன். வயிறு எரியட்டும்,” என்று அம்மாள் படத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். கணவரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். போனை உயர்த்தினாள். திரையில் அவள் முகம், அவர் முகம், பின்னால் படம்.

போனுக்கு இங்கிதம் கிடையாது. கண்ணாடி என்ன செய்யுமோ அதையே செய்தது.

“த… லை… யா…” என்று திரையைப் பார்த்து எழுத்துக் கூட்டினாள் அம்மாள். “தலையாட்டாதே!”

கணவரும் படித்தார். இன்னொரு தடவை படித்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அம்மாள் திரும்பியதும் அணைந்தது.

“எங்க வீட்டு விஷயத்தை உங்களுக்கு யாருங்க சொன்னது?” என்று அச்சோவியர் மேல் பாய்ந்தாள் அம்மாள். “என் தங்கச்சிதானே?”

“ஐயோ, இது மனித குலத்தைப் பத்தினதுங்க…”

“எந்த மனித குலம்? வரிசையா நிக்கற அத்தனை தலையும் இவர் தலை மாதிரியே இருக்கு! இதை நான் கூடத்துல மாட்டி, இவர் தெனமும் படிச்சு…” அவளால் மேலே யோசிக்கவே முடியவில்லை. விமர்சகர் பக்கம் திரும்பினாள். “நீங்க என்னமோ தொலைஞ்சுபோன இனம்னு சொன்னீங்களே?”

“எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்தது,” என்றார் விமர்சகர். பிறகு, அந்த இனத்தைப் போலவே அவரும் தொலைந்துபோனார்.

“வாங்க போகலாம்,” என்று படியிறங்கினாள் அம்மாள். கணவர் வழக்கம்போலத் தலையாட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, படத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனார்.

அச்சோவியரின் மனைவி சிவப்புப் பொட்டை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். “நாளைக்கே இரும்புக் கடைக்காரரை வரச் சொல்லவா மாமா?” என்று மைத்துனன் உதவிக்கு வந்தான்.

கூடத்தில் ஒரே ஒரு ஆள் மிச்சம் இருந்தார். அம்மாள் போட்ட சத்தத்தைக் கேட்டு மேலே ஏறிவந்து, அவள் கையிலிருந்த போன் திரையை எட்டிப் பார்த்தவர். அதே கட்டடத்தில் கீழே கடை வைத்திருப்பவர். கீழே என்னென்ன கடைகள் இருக்கின்றன என்று அச்சோவியர் கவனித்ததில்லை. கண்காட்சிக்காரர் யாரும் கீழே பார்த்துக்கொண்டு படியேறுவதில்லை.

“தம்பி, அந்தம்மா போன்ல மட்டும் எழுத்து நேராத் தெரிஞ்சுதே, ஏன்?” என்றார் அவர்.

“திருப்பிச் செதுக்க மறந்துட்டேன்யா,” என்றார் அச்சோவியர். ஒளிக்க இனி எதுவும் இல்லை. “மன்னிச்சுக்குங்க. இது பிசகான படம்.”

“நான் எடுத்துக்கறேன்.”

அச்சோவியருக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. மனைவி சுரண்டுவதை நிறுத்தினாள். படத்தைச் சுற்றிக் கொடுக்க மைத்துனன் பழைய செய்தித்தாளைத் தேடி ஓடினான்.

ஆனால் பிசகான சரக்கை விற்க அச்சோவியருக்கு மனசு வரவில்லை. “ஒரு வாரம் பொறுங்கய்யா. சரியாச் செதுக்கி நல்லதா ஒண்ணு போட்டுத் தரேன்.”

“சரியானதெல்லாம் எனக்கு வேணாம். அது எங்கிட்டயே இருக்கு. நானே எழுதி மாட்டியிருக்கேன்.”

“இதே வார்த்தையா?”

“இதேதான். ஒருத்தனும் மதிக்கலை.”

அச்சோவியருக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஊரில் தன்னைப் போல் இன்னொருவர். “அப்ப நீங்க வாயாலயும் சொல்றீங்களா? மக்கள்கிட்ட?”

“தெனமும்தான். சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. சரி சரிங்கறான், அதைச் சொல்லும்போதே ஆட்டறான். அப்புறம் ரத்தம் வந்தா என்னைத் திட்டறான்.”

“ரத்தம்!” அச்சோவியர் அவருடைய கைகளைப் பற்றிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. “இத்தனை வருஷமா இந்தப் படம் உங்களுக்காகத்தான்யா காத்திருந்தது. இத எங்க மாட்டப் போறீங்க?”

“நாற்காலிக்குப் பின்னாடி சுவத்துல தம்பி, எதுக்க இருக்கற கண்ணாடியில நேராத் தெரியும், இனிமே சவரக் கத்தியைக் கழுத்துல வெச்சுக்கிட்டு நான் வாயத் தொறக்க வேண்டாம்.”