ஆறடிப் பெட்டியும் நாலரையடி அப்பாயியும்

பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தக் காலத்தில் பக்திக்குப் பஞ்சமே கிடையாது. ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் தேவாரம், பக்கத்து வீட்டில் செபமாலை, எதிர்ச்சாரியில் சீன ஊதுவத்தி. ஆனால் தன் சவப்பெட்டியை உயிரோடிருக்கும்போதே வாங்கி, அதில் அரிசி கொட்டி வைத்து, அதிலிருந்து அள்ளிப் பொங்கிச் சாப்பிட்டவள் மலாயா முழுக்கத் தேடினாலும் ஒருத்திதான். அவள் என் அப்பாவைப் பெற்றவள். எங்களுக்கு அப்பாயி, ஊருக்குப் பெட்டியம்மா.

ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆள் நாலரை அடி. பெட்டி ஆறடிக்கு மேல். கூடத்தில் ஜன்னலுக்குக் கீழே கிடக்கும். அதன்மேல் உட்கார்ந்துதான் நான் பாடம் படிப்பேன். உட்காரலாம், காலை ஆட்டக் கூடாது. அது ஒன்றுதான் அப்பாயியின் சட்டம்.

சாயங்காலம் செபமாலை ஆரம்பித்தால் வீடே முழங்காலில் நிற்கவேண்டும். சின்னவள் என்று எனக்கு மட்டும் பெட்டிமேல் இடம். "பிரியதத்தத்தினாலே பூரண மரியே வாழ்க... ஏய், ஆட்டை அவுத்துவிட்டது யாரு... கர்த்தர் உம்முடனே... உக்காரு, ஆனா காலை ஆட்டாதேன்னு எத்தனை தடவடி சொல்றது..." என்று ஒரே மூச்சில் போகும். தேவமாதாவுக்கும் எனக்கும் சேர்த்து ஒரே குரல்தான். எது செபம், எது திட்டு என்று வானத்துச் சம்மனசுகள்தான் பிரித்து எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒருநாள் குவார்ட்டர்ஸைப் பார்வையிட ரயில்வே ஆபீஸிலிருந்து கணக்கெழுதுகிற ஒரு கிராணி வந்தார். வெள்ளை உடுப்பு, கையில் தொப்பி. பெட்டிமேல் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே பலகையைத் தட்டிப் பார்த்து, "நல்ல பெஞ்சு. எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார்.

"பெஞ்சு இல்ல தம்பி, நான் போற பெட்டி. நல்லா சாஞ்சு உக்காருங்க, உறுதியான பலகைதான்" என்றாள் அப்பாயி.

பாதிக் காப்பி வெள்ளை உடுப்பில். அவர் அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை. ஒழுகுகிற கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது.

பெட்டி செய்து கொடுத்தது மரக்கடை முதலாளி, எல்லாருக்கும் தவுக்கே. சீனர். பேச்சு அரைத் தமிழ், அரை பாசார் மலாய், சந்தையில் பேசுகிற மலாய். அப்பாயி வளர்த்த ஆடுகளில் ஒன்றை அவர் கடைக்கு ஓட்டிக்கொண்டுபோய் விட்டால் கொஞ்ச நாளில் பெட்டி வரும். கொல்லையில் ஒரு ஆட்டுச் சத்தம் குறைந்தால் வீட்டுக்குப் பெட்டி வரப்போகிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஏன் மறுபடி மறுபடி பெட்டி? அங்கேதான் வினையே. அப்பாயி வாங்குகிற பெட்டி வீட்டில் தங்காது.

சிக்னல் விளக்குக் கொளுத்துகிற அருளப்பன் செத்துப்போன அன்றைக்கு அப்பா வேலை முடிந்து வந்தார். கூடத்தில் பாய் விரித்து அரிசி குவிந்து கிடந்தது. ஜன்னலுக்குக் கீழே வெறுந்தரை.

"அம்மா, பெட்டி எங்க?"

"அருளப்பன்கூடப் போயிருக்கு."

"உங்களுக்கு?"

"எனக்கென்ன அவசரம்? அடுத்த பெட்டி வர்ற வரைக்கும் என்னைக் கூப்பிடக் கூடாதுன்னு, நல்ல சாவு குடுக்கிற சூசையப்பர்கிட்ட சொல்லியிருக்கேன்."

அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய கோபம் எங்களுக்கெல்லாம் சிரிப்பாக இருந்தது. அம்மா காரணத்தைச் சொன்னபிறகு நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

தாத்தா கிள்ளான் பக்கம் தண்டவாளம் போடுகிற வேலையில் இருந்தவர். காய்ச்சலில் போய்விட்டார். அப்போதெல்லாம் கோயிலில் ஒரு பொதுப்பெட்டி இருக்கும். ஏழைபாழைகள் செத்தால் அதில் வைத்துத்தான் சுமந்து போவார்கள். குழிமேட்டில் உடம்பை வெளியே எடுத்துப் பாயோடு இறக்கிவிட்டு, பெட்டியைத் திரும்பக் கோயிலில் கொண்டுபோய் வைப்பார்கள், அடுத்த ஆளுக்கு. தாத்தா அப்படித்தான் போனார். அந்த வெறும் பெட்டிக்குப் பின்னாலேயே அப்பாயி சின்னப் பிள்ளையான அப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறாள்.

"போட்டுக்கிட்டுப் போன சட்டையை வழியில கழட்டி வாங்கிக்கிட்ட மாதிரி இருந்துச்சுடி" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதற்குமேல் அந்தப் பேச்சைப் பேசமாட்டாள்.

அப்பா அன்றைக்கே மனசுக்குள் ஒரு சத்தியம் செய்திருந்தார். தன்னைப் பெற்றவள் அந்தப் பொதுப்பெட்டியில் போகக் கூடாது. அப்பாயியும் ஒரு சத்தியம் செய்திருந்தாள். அவளுடையது கொஞ்சம் பெரிசு. யாருமே போகக் கூடாது. ஒரு வீட்டில் இந்த இரண்டு சத்தியமும் சேர்ந்து குடியிருந்தால் நிம்மதி எங்கிருந்து வரும்?

"பெட்டிதான் வாங்குறீங்க, உங்க அளவுக்கு வாங்கக் கூடாதா? எதுக்கு இம்மாம் நீளம்?" என்று அப்பா ஒருதடவை கேட்டார்.

"கடைசி நாள்ல எல்லாரும் எழுந்திருக்கணும்ல? கையக்கால நீட்டிச் சோம்பல் முறிக்க இடம் வேணாமா?" என்றாள். அப்பாயியிடம் வேதசாஸ்திரம் பேசி ஜெயித்தவர் கிடையாது. பங்குச் சாமியாரே முயற்சி பண்ணிவிட்டு விட்டுவிட்டார்.

இதற்கு நடுவில் ஒரு வெள்ளை ஆடு காணாமல் போய்விட்டது என்றாள் அப்பாயி. ஊசி தொலைந்தாலே அந்தோனியாரைப் பிடித்து உலுக்குகிறவள், அந்த ஆட்டுக்காக ஒரு மெழுகுவத்திகூட ஏற்றவில்லை. "போனா போகுது" என்று முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள். அப்பாயிக்கு வயசாகிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அப்பாயிக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி உண்டு. மதலேனம்மா. கோயிலில் பெண்கள் பக்கத்து முன்வரிசை யாருக்கு என்பதில் ஆரம்பித்த சண்டை. இரண்டு பேரும் வருஷக்கணக்கில் பேச்சில்லை. பூசையில் சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்கிவிட்டுத் திரும்பும்போதுகூட ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டே வருவார்கள். ஒரு மழைக்காலத்தில் மதலேனம்மா செத்துப்போனாள். மகன் எங்கோ தோட்டத்தில் இருந்தான், வந்து சேரவில்லை. கோயில் பெட்டியை எடுத்துவர ஆள் கிளம்பிவிட்டது.

"அது அங்கேயே கிடக்கட்டும்" என்றாள் அப்பாயி. எங்கள் கூடத்தில் அரிசி மறுபடி பாய்க்கு வந்தது.

அப்பா குறுக்கே நின்றார். "அம்மா, அந்தப் பொம்பளைக்கா? உங்களுக்கு வேற ஆடும் இல்ல, ஒரு குட்டிதான் இருக்கு."

"நகருடா. பெட்டிக்கு யாரு என்னன்னு தெரியுமா?"

மதலேனம்மாவைப் பெட்டியில் கிடத்தியபோது அப்பாயி குனிந்து முக்காட்டைச் சரிபண்ணினாள். "முன்வரிசை, முன்வரிசைன்னு அடிச்சுக்கிட்டியே, போ, நீயே முன்னாடி போ" என்றாள். சுற்றியிருந்தவர்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கொல்லையில் ஆட்டுக்குட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாயி வெகுநேரம் அழுதாள். எதிரிக்காக யாரும் அப்படி அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்த மழை அப்பாயியையும் விடவில்லை. காய்ச்சல், அதோடு நெஞ்சுச் சளி. அப்பா ஜன்னலையும் வெறுந்தரையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சூசையப்பர்கிட்ட சொன்னீங்களே அம்மா, பெட்டி வர்ற வரைக்கும் கூப்பிடக் கூடாதுன்னு" என்று கைகளைப் பிடித்துக்கொண்டு குழந்தைமாதிரி கேட்டார்.

"சொன்னேன்" என்றாள் அப்பாயி. "அவருக்குக் கணக்குத் தெரியும். நீ கவலைப்படாதே."

பிரெஞ்சுக்காரச் சாமியார் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வந்தார். கண், காது, கை என்று கடைசி எண்ணெய் பூசிக்கொண்டே வந்தவரைக் கடைசியில் அப்பாயி கண்ணைத் திறந்து நிறுத்தினாள். "சாமி, அவசரப்படாதீங்க. எடது கால் விட்டுப்போச்சு." சாமியார் மறுபடி குனிந்து இடது காலுக்கும் பூசினார். அவர் கண்ணில் தண்ணீர். அடுத்த நாள் காலைப் பூசைக்கு மணி அடிக்கிறபோது அப்பாயி போய்விட்டாள்.

வீட்டில் கூட்டம் சேர்ந்தது. கோயிலில் மணியடித்து எடுபிடி பார்க்கிற கோயில் குட்டி மெதுவாக அப்பாவிடம் வந்து, "அண்ணே, கோயில் பெட்டியை எடுத்தாரச் சொல்லவா?" என்று கேட்டார். அப்பா அவரை அடித்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். உடனே ஒரு பெட்டி செய்ய யாரால் முடியும்? அந்த மழைக்காலப் புழுக்கத்தில் ஒரு பகலுக்குமேல் வைத்திருக்கவும் முடியாது. அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எதற்கும் தவுக்கேயைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வாசலில் இறங்கினார்.

தெருமுனையில் மாட்டுவண்டி வந்துகொண்டிருந்தது. வண்டியில் தவுக்கே. அவர் பின்னால் கோணியால் மூடி ஏதோ ஒன்று. வாசலில் நிறுத்தி, கோணியை எடுத்தார்.

சின்னப் பெட்டி. நாலரை அடிக்குச் சரியாக ஒரு சாண் கூட. மேல்மூடியில் சிலுவை வெட்டியிருந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்துப் பலகை பளபளவென்று இருந்தது.

"இது அம்மா புஞா" என்றார் தவுக்கே, இது அம்மாவுடையது என்று. "ரொம்ப நாள் நம்ம கடை மேல பரண்ல இருக்கு. அன்னிக்கு அம்மா ஒரு வெள்ளை ஆடு கொண்டு வந்து சொல்லுச்சு. 'தவுக்கே, பெரிய பெட்டி எல்லாம் ஊர் ஆளுக்கு. யார் செத்தாலும் பத்தணும். இந்தச் சின்னது எனக்கு. வீட்டுல வைக்க மாட்டேன். யாராவது சின்னப் பிள்ளைக்குன்னு அழுதுகிட்டு வந்தா நான் குடுத்துடுவேன். இங்கயே இருக்கட்டும். நானே வந்து கேட்டாலும் குடுக்காதே.'"

கோணியை மடித்து வண்டியில் போட்டார்.

"ஒருதடவை வந்து கேட்டுச்சு லா. லைன் வீட்டுல ஒரு பிள்ளை செத்துப்போச்சுன்னு. நான் குடுக்கல. ரொம்பத் திட்டுச்சு. அப்புறம் நான் வேற செஞ்சு குடுத்தேன்."

அப்பா பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். அப்படியே வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று சொல்ல முடியவில்லை. காணாமல் போன வெள்ளை ஆட்டைப் பற்றி எங்களிடம் சொன்ன பொய்யை அப்பாயி பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாளா என்று தெரியாது. சொல்லியிருக்கமாட்டாள். அதெல்லாம் சூசையப்பரோடு நேரடிப் பேச்சு.

அப்பாயி தன் பெட்டியிலேயே போனாள். குழிமேட்டில் யாரும் அவளை வெளியே எடுக்கவில்லை. பெட்டியோடு இறக்கினோம். திரும்பி வரும்போது எங்களுக்கு முன்னால் வெறும் பெட்டி எதுவும் போகவில்லை. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

ஆட்டுக்குட்டி வளர்ந்தது. ஒருநாள் காலையில் அப்பா அதை அவிழ்த்துக்கொண்டு மரக்கடைப் பக்கம் போனார். பெட்டி என்றாலே எரிந்து விழுகிறவர், கொஞ்ச நாளில் ஒரு பெட்டியோடு வண்டியில் வந்து இறங்கினார். ஆறடிக்கு மேல் நீளம். ஜன்னலுக்குக் கீழே வைத்தார். அம்மா உள்ளே போனாள். அரிசியைக் கொண்டுவந்து அதில் கொட்டினாள்.

அன்று சாயங்காலம் அப்பா செபமாலை சொன்னார். நான் புதுப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். குறுக்கே ஒரு திட்டுச் சத்தமும் இல்லாமல் செபம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஒழுங்கைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மூன்றாம் தேவ இரகசியத்துப் பத்து மணிகளின் நடுவில் அப்பா சட்டென்று நிறுத்தினார்.

"உக்காரு, ஆனா காலை ஆட்டாதே" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கர்த்தர் உம்முடனே" என்று தொடர்ந்தார்.

செபமாலை முடிகிறவரைக்கும் நான் காலை ஆட்டிக்கொண்டேதான் இருந்தேன். இன்னொரு தடவை திட்டமாட்டாரா என்று.