அந்த மரத்தொட்டி எனக்கு வேண்டாம்

ஹவ்ஹோ,
ஜூன் 9

மதிப்பிற்குரிய ஹில்க்கா அத்தைக்கு,

இளைய மருமகன் ஒஸ்மோ பணிவுடன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் மகள் ரித்வாவும் நலம். சவுனா நீராவிக் குளியலறையின் தரைதான் நலமாக இல்லை. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

தங்கள் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு வீட்டு பீர் செய்யும் பெருமை யாருக்கு என்பதை, போன மாதம் தொட்டியைக் கொடுத்த அன்றே தீர்த்துவிட்டீர்கள். நூறு வருஷத்து மரத்தொட்டி, மூத்த மருமகன் யோர்மாவுக்கு! போகட்டும். எனக்குப் பொறாமை கிடையாது. "இனிமே ஹில்க்கா வீட்டு பீர்னா யோர்மாதான்" என்று ஊரே சொல்லும்போது வயிறு எரிகிறது, அது கறுப்பு ரொட்டி செய்த வேலையாக இருக்கும்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி வாங்கி, முளைகட்டிய பார்லி மாவைக் கொட்டி, வெந்நீரை ஊற்றிக் கிளறும்போது ரித்வா வந்து, "ஏங்க, அடியில கிளாஸும் முள்கரண்டியும் போட்ட முத்திரை இருக்கா? இல்லேன்னா சாப்பாட்டுக்கு ஆகாது" என்றாள். உடனே பார்க்க வேண்டாமா? சாய்த்துப் பார்த்தேன். முத்திரை இருந்தது அத்தை, பக்கத்திலேயே "நாற்பது டிகிரி வரை" என்றும் இருந்தது. அதைப் படித்து முடிப்பதற்குள் வாளி வயிறு உப்பி, இடுப்பு ஒடிந்து, கஞ்சி மொத்தமும் தரையில். அப்புறம் துணி அலசும் துத்தநாகத் தொட்டியை எடுத்தேன். "புளிப்பு பட்டா அந்தப் பூச்சு கரைஞ்சு பீர்ல எறங்கும். அம்மா பொறந்தநாளும் அதுவுமா எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறீங்களா?" என்று தடுத்தாள் ரித்வா. சரியென்று, புதிதாகக் கலக்கிய கஞ்சியை மீன் பிடிக்கக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டியில் ஊற்றினேன். சூடு நன்றாகத்தான் நின்றது. ஆனால் பதினைந்து வருஷமாக அதில் படுத்திருந்த மீனெல்லாம் எழுந்து வந்துவிட்டது. ருசி பார்த்த யோர்மா என் முதுகில் தட்டி, "பேஷ் சகலை! மீன் சூப்பு நல்லாருக்கு, பீர் எங்க?" என்கிறான். எரியாதா அத்தை?

ஆகவே நடுநிலையாகச் சொல்கிறேன்: அந்த மரத்தொட்டி ஆபத்தானது. இடுக்கெல்லாம் பாட்டன் காலத்து அழுக்கு, பலகையெல்லாம் உளுத்திருக்கும். சும்மா கொடுத்தாலும் எனக்கு வேண்டாம். உடைத்து அடுப்பில் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் பிறந்தநாளுக்கு வரமாட்டேன். வந்தாலும் காபிதான் குடிப்பேன்.

தாங்கள் நோய்நொடியின்றி நூறைத் தாண்ட வேண்டும். தங்கள் பூனைக்கும் என் விசாரிப்பு.

கீழ்ப்படிந்த மருமகன்,
ஒஸ்மோ

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் யோர்மா டிராக்டரில் வந்தான். "ஏழு எடத்துல ஒழுகுது சகலை! மாவெல்லாம் வீணாப் போச்சு. வெறகுக்காவது ஆகும், நீயே வச்சுக்கோ" என்று தொட்டியை முற்றத்தில் உருட்டிவிட்டுப் போனான். வருஷம் பூராவும் காய்ந்து கிடந்த மரத்தில் ஊறப்போடாமலே ஊற்றியிருக்கிறான், மடையன்! அவனிடம் சொல்லாமல் விட்ட தங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். தொட்டி இப்போது ஏரியில், கல்லைச் சுமந்துகொண்டு முங்கிக் கிடக்கிறது. மூன்றே நாளில் மரம் உப்பி இடுக்கெல்லாம் மூடிக்கொள்ளும். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். அது தொட்டியில்லை அத்தை, தங்கம்! பிறந்தநாள் பீர் என்னுடையது. எதில் செய்தேன் என்று யோர்மா கேட்டால் மட்டும், முத்திரை போட்ட பிளாஸ்டிக் வாளியில் என்று சொல்லுங்கள். அவனும் ஒன்று வாங்கட்டும்.