புரட்டாசிச் சனியும் புது எஞ்சின் ஒயிலும்

புதுக் காரின் மீற்றர் தொள்ளாயிரத்து எழுபத்தாறு மைல் காட்டிய அன்று ஜீவரத்தினத்துக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் இருபத்துநாலு மைல். அதற்குள் எஞ்சின் ஒயிலை மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் எஞ்சின் விடாது. மாற்றினால் மனைவி வசந்தமலர் விடமாட்டாள். இரண்டில் எது பெரிய ஆபத்து என்று யோசித்து யோசித்து நித்திரை போனதுதான் மிச்சம்.

கிங்ஸ்பரியில் ஒரு பெற்றோல் செட்டில் இருபத்திரண்டு வருடமாகக் கவுண்டரில் நிற்பவர் அவர். யார் வந்து எந்தக் காருக்கு ஒயில் கேட்டாலும் பரம்பரை வைத்தியர்போலக் கண்ணை மூடித் திறந்து ஒரு கானை எடுத்துக் கொடுப்பார். பொனற்றைத் திறந்தால் எது எஞ்சின், எது பற்றறி என்று அவருக்கே தெரியாது என்பது வேறு விஷயம்.

இதுவரை அவர் வைத்திருந்ததெல்லாம் பழைய கார்கள். பழைய காரில் ஒரு நிம்மதி உண்டு. கெட வேண்டியதெல்லாம் முந்தின சொந்தக்காரன் காலத்திலேயே கெட்டிருக்கும். புதுக் கார் அப்படியா? கெடுவதற்கென்று முழுக் காரும் மிச்சம் இருக்கிறது.

போதாக்குறைக்குத் தொப்பி போட்ட ஒருவன் வீடியோவில் வந்து பயமுறுத்திவிட்டான். புது எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் உரசுமாம், பொடி விழுமாம், அந்தப் பொடி ஒயிலோடு ஓடி எஞ்சினைத் தின்னுமாம். ஆயிரம் மைலுக்குள் ஒயிலை மாற்றாதவன் கார் ஒருநாள் நடுவீதியில் இறுகி நிற்குமாம். அன்றிலிருந்து ஜீவரத்தினத்தின் காதில் இரும்புப் பொடி கடிபடும் சத்தம்தான். கார் ஓடும்போது கேட்டது. நிற்கும்போதும் கேட்டது. ஒருதரம் குளித்துக்கொண்டிருக்கும்போதும் கேட்டது.

வாற ஞாயிற்றுக்கிழமை பேர்மிங்காமில் வசந்தமலரின் தமையன் மகளுக்குக் கல்யாணம்; புரட்டாசி என்றாலும் மண்டபம் கிடைத்தது அன்றைக்குத்தான். எம் வண் நெடுஞ்சாலையில் நூறு மைலுக்கு மேல் ஓட வேண்டும். நடு லேனில் கார் இறுகி நிற்பதையும், பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தபடி வருவதையும் அவர் மனக்கண்ணால் பலமுறை பார்த்துவிட்டார். ஒவ்வொரு முறையும் லொறி கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

"இஞ்சாருமப்பா, அந்த ஒயில்..."

"திரும்பவும் ஒயிலோ?"

"ஒருக்கா மாத்தினால் என்ன குறைஞ்சு போம்?"

"வாறண்டி போம்."

"எஞ்சினே போனால்?"

"வாறண்டி இருந்தால் வேறை எஞ்சின் போட்டுத் தருவாங்கள். புத்தகத்திலை என்ன போட்டிருக்கு?"

"பத்தாயிரம் மைல், இல்லாட்டில் ஒரு வருஷம்."

"பிறகென்ன?"

"அதை எழுதினவன் கதிரையிலை இருந்து எழுதிப்போட்டான். எம் வண்ணிலை நிக்கப்போறது நானெல்லே!"

"காரைச் செய்தவனுக்குத் தெரியாதது தொப்பிக்காரனுக்குத் தெரியுமோ? இஞ்சை பாருங்கோ. பொனற்றிலை கை வைச்சீங்களெண்டால் அண்டையோடை கார்த் திறப்பு என்ரை கையிலை. பிறகு நீங்கள் ஆயுசுக்கும் பஸ்தான்."

வசந்தமலர் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவள். ஒரு விஷயத்தை ஒரு தரம்தான் சொல்வாள். கேட்காத பிள்ளைகளை அவள் அடிப்பதில்லை. பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே பாதி வெம்பிளிப் பிள்ளைகள் உயிரெழுத்துகளைப் பிழையில்லாமல் சொல்கின்றன.

ஜீவரத்தினம் பயந்தாங்கொள்ளிதான். ஆனால் பயந்தவனுக்கு மூளை வேலை செய்கிற வேகத்தில் துணிந்தவனுக்கு வேலை செய்வதில்லை. புரட்டாசி மாதம் பிறந்திருந்தது. புரட்டாசிச் சனியில் கோயிலுக்குப் போய்ச் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிப்பதை எந்த மனைவி தடுப்பாள்? அவளுக்கோ மத்தியானம் வரை பள்ளிக்கூடம். வெம்பிளியில் கராஜ் வைத்திருக்கும் றஜீவனுக்கு அன்றே இரகசியமாகப் போன் பறந்தது.

"எனக்கு இப்ப சனி பாக்குதாம். கோயிலுக்கு ஒருக்காப் போட்டு வரட்டே?" சனிக்கிழமை காலை பூனைபோலக் கேட்டார்.

கல்யாண வீட்டுக்கு மட்டும் கோயில் வாசலை மிதிக்கிற மனிதரை வசந்தமலர் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எள்ளுப் பொட்டலத்தையும் எண்ணெய்ப் போத்தலையும் ஒரு பையில் வைத்துத் திறப்போடு கொடுத்தாள்.

"நல்லாக் கும்பிட்டிட்டு வாங்கோ. அவசரப்படாதேங்கோ."

இவ்வளவு சுகமாகக் காரியம் நடந்ததும் அவருக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்தது. பொய் சொன்னதுதான் சொன்னார், வேறு யார் பெயரையாவது சொல்லியிருக்கக் கூடாதா? பிள்ளையார் என்றால் மோதகத்தோடு மன்னித்துவிடுவார். இது சனீஸ்வரன்! ஏழரை வருடத்துக்குக் குறைந்து தண்டனை கொடுத்துப் பழக்கமில்லாதவர். "கோவிக்காதையும், ஒயில் முடிஞ்ச கையோடை நேரே உம்மட்டைத்தான்" என்று வழி நெடுகச் சிவப்பு விளக்குக்குச் சிவப்பு விளக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்.

றஜீவன் தன் பழைய வான் வண்டிக்குப் பக்கத்தில் வாசலிலேயே நின்றான். பெற்றோல் செட்டில் இருப்பதிலேயே உசத்தி என்று பார்த்து வாங்கிய ஐந்து லீற்றர் ஒயில் கானை அவன் கையில் குழந்தையைப் போல ஒப்படைத்தார்.

"அண்ணை, நீங்கள் உள்ளுக்கை நிக்கேலாது. இன்சூரன்ஸ் பிரச்சினை. ஒஃபிசிலை இருந்து தேத்தண்ணி குடியுங்கோ."

"தம்பி, நான் பக்கத்திலை நிண்டு பாத்தால்..."

"ஏலாதண்ணை."

ஒஃபிஸ் யன்னலுக்குள்ளால் காரின் கூரை மட்டும் தெரிந்தது. அது மெல்ல மெல்ல மேலே எழும்பியது. சத்திரசிகிச்சை அறைக்கு வெளியே இருப்பவரைப்போல ஜீவரத்தினம் எழும்பினார், இருந்தார், எழும்பினார். தேத்தண்ணி ஆடை கட்டியது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வசந்தமலர்!

"பிள்ளையளுக்கு இடைவேளை. எங்கை நிக்கிறீங்கள்?"

"கோ... கோயில்லை."

உள்ளே யாரோ ஒரு இரும்பைப் போட்டார்கள். டங்!

"மணி கேக்குது. பூசை தொடங்கிட்டுதோ?"

"ஓம், இப்பத்தான்."

டங்! டங்! டடங்!

"பெரிய பூசை போலை?"

"ஓமோம். விசேஷம்." சேட்டு முதுகோடு ஒட்டிவிட்டது.

"அப்ப எனக்கும் சேத்துக் கும்பிடுங்கோ."

அவர் உண்மையாகவே கும்பிட்டார். ஒரு கையில் போன் இருந்ததால் ஒற்றைக் கையால்.

முக்கால் மணித்தியாலம் கழித்து றஜீவன் ஒரு தட்டோடு வந்தான். தட்டில் எண்ணெய். அட்டைக் கறுப்பு.

"பாத்தீங்களோ அண்ணை?"

"சிவசிவா! ஆயிரம் மைலுக்கே இந்தக் கறுப்போ! அந்தத் தொப்பிக்காரன் தெய்வமடா தம்பி!" காலம் தாழ்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே பணப்பையை எடுத்தார். "கூலி எவ்வளவு?"

"சும்மா போங்கோண்ணை. உங்களிட்டையும் கூலி வாங்கிறதோ?"

என்ன மரியாதையான பொடியன்! ஜீவரத்தினம் கண் கலங்கி விடைபெற்று, சொன்ன சொல் தவறாமல் கோயிலுக்குப் போய், ஒரு விளக்குக்கு மூன்று விளக்காக எரித்தார். திரும்பி வரும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இரும்புப் பொடியின் சத்தம் அறவே இல்லை. மீற்றர் ஆயிரத்தைத் தாண்டியது. நாலைந்து நாளுக்குப் பிறகு அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எம் வண்ணில் ஏறியபோது அவரைப் பிடிக்க ஆளில்லை. நடு லேன். எழுபது மைல் வேகம். பக்கத்தில் பட்டுச்சேலையில் வசந்தமலர். சந்தோஷத்தை அடக்க முடியாமல் வாயைக் கொடுத்தார்.

"எஞ்சின் ஓடுற ஓட்டத்தைப் பாத்தீரே? சத்தமே இல்லை. வெண்ணெய் மாதிரி."

"ஓம். நேற்றிலையிருந்தோ?"

"நேற்றிலையிருந்துதான்... அதாவது, சனீஸ்வரன்ரை கிருபை."

"ஒண்டையும் மாத்தாமல் விட்டால் அது அப்பிடித்தான் ஓடும்."

ஜீவரத்தினம் வீதியை விட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னப்பா சொல்லுறீர்?"

"றஜீவன்ரை மகள் என்ரை வகுப்பெல்லே. நீங்கள் போன் பண்ணின அண்டைக்கே தாய்க்காரி எனக்குச் சொல்லிப்போட்டா. நான்தான் சொன்னனான், காரை உயத்தி வைச்சிட்டு இறக்கி விடுங்கோ, ஒரு நட்டிலையும் கை வைக்கக் கூடாதெண்டு."

"அப்ப அந்த மணி..."

"பூசை நல்லா நடந்தது."

கிர்ர்ர். இரும்புப் பொடி மறுபடியும் கடிபடத் தொடங்கியது. பேர்மிங்காமுக்கு இன்னும் எண்பது மைல் இருந்தது. கண்ணாடியில் ஒரு லொறி. அது பெரிதாகிக்கொண்டு வந்தது. ஜீவரத்தினம் சிக்னல் போட்டு இடது லேனுக்கு ஒதுங்கினார்.

"அப்ப அந்தக் கறுப்பு ஒயில்? என்ரை கண்ணாலை பாத்தனே!"

"அது அவன்ரை வானிலை இருந்து வடிச்சது."

"என்ரை புது ஒயில்?"

வசந்தமலர் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு வீதியைப் பார்த்தாள்.

"அவன்ரை வான் இப்ப வெண்ணெய் மாதிரி ஓடுதாம்."